படகுத்துறையில் ஒரு வாய் ரொட்டி

அந்த இலையுதிர்காலத்தில் கிளாஃபீரா ஸ்தெபானொவ்னாவுக்குக் கடை வரிசையில் நிற்பது நரகமாகிவிட்டது. ஸரேச்சென்ஸ்க் ரொட்டித் தொழிற்சாலையின் தலைமை ரொட்டிக்காரி அவள்தான். இருபத்தாறு வருடமாக ஊர் தின்ற ரொட்டியெல்லாம் அவள் கைபட்டது. போர்க்காலத்தில்கூட அவள் ரொட்டியை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதோ அவள் தலை தெரிந்தாலே வரிசை முழுக்க வாய் முளைத்துவிடும்.

"என்னடி கிளாஷா, இது ரொட்டியா, ஜன்னல் இடுக்கை அடைக்கிற பிசினா?" என்பாள் நியூரா. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு, கிளாஷா என்பது அப்போதைய செல்லப்பெயர். அந்த உரிமையில் மற்றவர்களைவிடச் சத்தமாகவே கேட்பாள். "நேத்து என் வீட்டுக்காரர் ஒரு வாய் வெச்சாரு. மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இன்னிக்குக் காலையிலதான் வாயைத் தொறந்தாரு. போகட்டும், ஒரு ராத்திரி வீடு அமைதியா இருந்துச்சு."

வரிசை சிரிக்கும். கிளாஃபீரா தன் பங்கு ரொட்டியை வாங்கிப் பைக்குள் திணிப்பாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருடம். மேலிடத்துக்கு மக்காச்சோளப் பித்துப் பிடித்து, கோதுமை விளைந்த நிலத்தில் எல்லாம் அதை விதைக்கச் சொன்னார்கள். வானமும் கைவிட்டது. ஆலைக்கு வந்த மாவில் பாதி பட்டாணி, மக்காச்சோளம். வெள்ளை ரொட்டி வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு எழுதித் தர வேண்டும். ஆனால் மாவை அனுப்பியவனின் முகம் வரிசையில் தெரியாது. ரொட்டி சுட்டவளின் முகம்தான் தெரியும். அந்த அவமானம் அவளை அரித்துத் தின்றது.

இந்த நேரத்தில்தான் மாஸ்கோவிலிருந்து அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. வோல்காவில் கப்பலில் வந்து இறங்குவாராம். மாவட்டக் கட்சிச் செயலாளர் பர்மேனவ் நேரிலேயே தொழிற்சாலைக்கு வந்தார். கூடவே ஒரு மூட்டை.

"தோழர் கிளாஃபீரா, வரவேற்பு ரொட்டி நீங்கதான் சுடணும். நீங்கதான் கையில ஏந்திக் குடுக்கணும். வெள்ளை அங்கி போட்ட தொழிலாளி கையில ரொட்டியும் உப்பும். போட்டோவுல எடுப்பா இருக்கும்."

மூட்டையை அவிழ்த்ததும் கிளாஃபீரா கையை உள்ளே விட்டாள். முதல் தரக் கோதுமை மாவு. விரலிடுக்கில் பட்டுப் போல வழிந்தது. ஒரு வருடமாகக் கண்ணில் காணாத பொருள்.

"அமைச்சர் ஒரு வாய் சாப்பிடுவார்," என்றார் பர்மேனவ். "ரொட்டி பிரமாதம்னு சொல்வார். அது பத்திரிகையில வரும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் ரொட்டியப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஊர் வாயில் பிசினை அப்பி, அதற்கு மேல் அவள் கையாலேயே பூட்டும் போடச் சொல்கிறார்கள். நாளைக்குப் பத்திரிகையில் அவள் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நியூரா பார்ப்பாள்.

அவர் போன பிறகு தொழிற்சாலை இயக்குநர் அர்க்காதி லுவோவிச் மெல்ல அருகில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் தொடைநடுங்கி.

"உங்க முகம் சரியில்லையே, கிளாஃபீரா ஸ்தெபானொவ்னா. ஏதாவது ஏடாகூடமாப் பண்ணிடாதீங்க. நாலு வருஷத்துல உங்களுக்குப் பென்ஷன்."

"ரொட்டிதானே கேட்டாங்க? ரொட்டி சுடறேன். நீங்க போய் உங்க கழுத்துப்பட்டையத் தேய்ச்சு வைங்க."

அந்த வெள்ளை மாவில் அவள் சின்னச் சின்ன ரொட்டிகளாகச் சுட்டுக் கூடையில் அடுக்கி, ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் கிடக்கும் வார்டுக்கு அனுப்பிவிட்டாள். பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு, ஊருக்குச் சுடும் அதே மாவை எடுத்தாள்.

அந்த மாவில் வரவேற்பு ரொட்டி சுடுவது லேசில்லை. வட்டமாக உயர்ந்து நிற்க வேண்டும், மேலே பின்னலும் கோதுமைக் கதிரும் செதுக்கியது போலத் தெரிய வேண்டும். பட்டாணி மாவோ படுத்தே கிடக்கும். முதல் ரொட்டி நடுவில் வெடித்தது. இரண்டாவது சப்பையாகிப் போனது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் வேகவைத்து ஆறவிட்டாள். தன் பழைய புளித்த மாவை இரண்டு மடங்கு சேர்த்தாள். பிசைந்து, ஊறவிட்டு, மறுபடி பிசைந்தாள். மூன்றாவது ரொட்டி நிமிர்ந்து நின்றது. முட்டை பூசி எடுத்தபோது அடுப்படிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இவ்வளவு கேவலமான மாவில் இவ்வளவு அழகான ரொட்டியை ரஷ்யாவில் வேறு எவளாவது சுட்டுக் காட்டட்டும் என்று கிளாஃபீரா நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள்.

மறுநாள் படகுத்துறையில் ஊரே கூடியிருந்தது. பித்தளை வாத்தியங்கள் முழங்கின. கனத்த உடம்பும் களைத்த கண்ணுமாக அமைச்சர் இறங்கி வந்தார். பூத்தையல் போட்ட துண்டின் மேல் ரொட்டி, ரொட்டியின் நடுவில் உப்புக் கிண்ணம். கிளாஃபீரா இடுப்பு வரை குனிந்து வணங்கி நீட்டினாள்.

ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். நீட்டினால் விருந்தாளி பிய்த்து, உப்பில் தொட்டு, சாப்பிட்டே ஆக வேண்டும். ஜார் ஆனாலும் சரி, அமைச்சர் ஆனாலும் சரி, துப்ப முடியாது. அமைச்சர் ஒரு பெரிய துண்டாகவே பிய்த்து வாயில் போட்டார். மென்றார்.

மென்றுகொண்டே இருந்தார். பிறகு தாடை நின்றது. நாக்கு மேலண்ணத்தைத் துழாவியது. கன்னம் உப்பி அமுங்கியது.

அந்த மெல்லலை ஊரில் தெரியாதவர் யார்? காலையும் மாலையும் அவரவர் வீட்டில் பார்ப்பதுதானே. முன்வரிசையில் ஒருத்தி "அய்யோ, நம்ம ரொட்டி!" என்றாள். குசுகுசுப்பு பின்வரிசை வரை ஓடியது. வாத்தியக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பர்மேனவின் முகத்தில் ஈயாடவில்லை. அர்க்காதி லுவோவிச் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

அமைச்சர் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இது என்ன ரொட்டி?"

"எங்க ரொட்டிங்க. தினமும் நாங்க சாப்பிடறது," என்றாள் கிளாஃபீரா.

"விருந்தாளிக்கு இதையா குடுப்பீங்க?"

"வீட்டுல இருக்கிறதத்தானே விருந்தாளிக்குக் குடுக்க முடியும்? உங்களுக்குன்னு ஒரு மூட்டை வெள்ளை மாவு வந்துச்சு. அத ஆஸ்பத்திரிக் குழந்தைங்க சாப்பிட்டுடுச்சுங்க. மாவு எப்படியோ போகட்டும், சுட்ட விதத்துல குறையிருந்தா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அமைச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரொட்டியின் பின்னலைப் பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு பிய்த்து, உப்பில் நன்றாகப் புரட்டி, பர்மேனவிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க தோழர். நீங்க அனுப்பின அறிக்கையில இந்த ருசி வரலையே."

பர்மேனவ் வாங்கி வாயில் போட்டார். அத்தனை கண்ணும் பார்க்க, அவர் தாடையும் நின்றது. பின்னால் எவனோ கெக்கலித்துச் சிரித்தான். அமைச்சர் கார் ஏறிப் போனார். பின்காரில் ஏறும் முன் பர்மேனவ், இன்னும் வாய்க்குள் பாதி வைத்துக்கொண்டே, கிளாஃபீராவின் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து நீ தட்டு கழுவுற எடத்துல நிப்ப."

"கழுவறேன்," என்றாள் அவள். "எங்க ஆலையில ஒரு தட்டும் அழுக்கா இருக்காது."

கார்கள் போன பிறகும் அவள் ரொட்டியை ஏந்தியபடியே நின்றாள். இரண்டு துண்டு போன ரொட்டி. பென்ஷன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் அந்த வருடத்தில் முதல் முறையாக ஊரை நேருக்கு நேர் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நியூரா வந்தாள். ஒரு துண்டு பிய்த்தாள். உப்பில் தொட்டாள். வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். அவளுக்குப் பின்னால் தானாகவே ஒரு வரிசை நின்றுவிட்டிருந்தது.

"பிசினேதான்டி," என்றாள் நியூரா. கண் கலங்கியிருந்தது. "இன்னொரு துண்டு குடு."