நாலு மணி வெளிச்சம்

அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் கல்யாணமோ சாவோ, படம் பிடிக்க எல்பர்ட் விட்லோவை விட்டால் வேறு ஆளில்லை. ஆனால் இனிமேல் நடக்கப்போகிற சாவுக்கு அவனை முன்கூட்டியே கூப்பிட்டது 1911 செப்டம்பரில்தான் முதல் தடவை.

பருத்தி அரவை ஆலை முதலாளி டார்பெல் காலையிலேயே ஸ்டுடியோவுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“சாயங்காலம் ஆத்துப் பாலத்துக்கு கேமராவக் கொண்டா. படம் அச்சடிக்க தபால் அட்டைத் தாள் நூறு தயாரா வச்சுக்க. ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க.”

“என்ன விசேஷம்?”

“ஏமஸ் பெட்வே. என் தராசு பொய் சொல்லுதுன்னு நாலு பேர் முன்னால பேசினானே, அந்தக் கறுப்பன்தான். கயிறு வாங்கியாச்சு. வெளிச்சம் எப்ப நல்லாருக்கும்?”

“நாலு மணிக்கு. அஞ்சுக்கு மேல பாலத்துல நிழல் விழுந்துடும்.”

தொழில் பழக்கம். யார் எதைக் கேட்டாலும் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். டார்பெல் படியிறங்கிய பிறகுதான், ஒருத்தன் சாவுக்குத் தானே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது. பாழாய்ப்போன நாக்கு!

போன வாரம்தான் ஏமஸ் கோட்டு இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து படம் எடுத்திருந்தான். அன்று பத்து மணிக்கு அதை வாங்கிப்போக வந்தான். எதிர்க்கடை பெஞ்சில் டார்பெல்லின் மைத்துனன் கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருந்தான். கண் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“நல்லா வந்திருக்குங்கய்யா. சிகாகோல எங்க அக்கா பாத்தா, யாரு கோட்டுடா இதுன்னுதான் கேப்பா,” என்று சிரித்தான் ஏமஸ்.

எல்பர்ட் எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பயம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? படத்தைத் தாளில் சுற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

“தபால்ல போடாத. நீயே கொண்டுபோய்க் குடு. பதினோரு மணி ரயில். வீட்டுப் பக்கம் போகாத. பாலத்துல கயிறு கட்டுறாங்க. பின்கதவு திறந்திருக்கு.”

ஏமஸ் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டான்.

பதினோரு மணிக்கு ரயில் ஊதியது. மைத்துனன் நிமிர்ந்து ஸ்டுடியோ வாசலைப் பார்த்தான். உள்ளே போனவன் வெளியே வரவில்லை. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தான்.

மூன்றரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். யாரும் சொல்லாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டார்கள். எல்பர்ட்டை நடுவில் நடக்கவிட்டார்கள்.

பாலத்தில் திருவிழாக் கூட்டம். பெண்கள் கூடையில் பொரித்த கோழி கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைகள் அப்பன் தோள்களில் இருந்தன. வெளிச்சம் அவன் சொன்னபடியே அருமையாக இருந்தது. கேமராவை முக்காலித் தாங்கியில் நிறுத்தும்போதே, எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவன் உணர்ந்தான்.

“அவன் போயிட்டான்,” என்றார் டார்பெல், கோபமே இல்லாமல். “ஆனா கூட்டம் வந்துருச்சு. கயிறும் இருக்கு.”

கேமராவிலிருந்து தொங்கிய, அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பந்தைக் கையில் எடுத்து உருட்டினார்.

“ஏன் எல்பர்ட்டு, இத யார் வேணா அமுக்கலாமா?”

“யார் வேணா அமுக்கலாம்,” என்றது எல்பர்ட்டின் வாய்.