ஐம்பத்தொன்பதாவது முட்டை

பறவை ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, யாரோ கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த நாற்காலியிலேயே ஒரு முட்டையிட்டார். வெளிர்நீல முட்டை. அகன்ற முனையில் பழுப்புப் புள்ளிகள். எடை தொண்ணூற்றிரண்டு கிராம். வேறு இடமாக இருந்திருந்தால் ஒருவராவது அலறியிருப்பார். இங்கே முதல் வேலையாகத் தராசைக் கொண்டுவந்தார்கள். அந்த அலுவலகத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. வளாகத்துக்குள் கிடைக்கும் எந்த முட்டையையும் நண்பகலுக்குள் எடுத்து, இரு முனையிலும் துளையிட்டு, ஊதி வெறும் ஓடாக்கி, எண் எழுதிப் பஞ்சுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் இயக்குநர்தான். பன்னிரண்டு மணிக்கு முட்டை பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் அதே பதினொன்றேகாலுக்கு இரண்டாவது முட்டை வந்தது.

இது ஏன் நடந்தது என்று கேட்டிருந்தால் அவர் மனைவி சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. காட்டுப் பறவை நினைத்த நேரத்தில் குஞ்சு பொரிப்பதில்லை. பகல் நீளும்போது வெளிச்சம் மண்டைக்குள் இறங்கி, கடுகளவு சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்பை மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதவைக்கிறது. இதை நிரூபிப்பதற்காக இயக்குநர் பதினோரு வருஷம் தன் வீட்டுக் கூடத்தில் கூண்டுகளை அடுக்கி, நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் குழல்விளக்குகளை எரியவிட்டார். பறவைகளுக்கு வசந்தம் வந்தது. அதே வெளிச்சத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்கும் வந்தது. மனைவி கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கியதால் தப்பித்தாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே நிலையத்தில் கூடு பார்க்கும் வேலை செய்தவள். நீளக் கம்பின் நுனியில் கண்ணாடியைக் கட்டி, மரம் மரமாக ஏறி, எந்தக் கூட்டில் எத்தனை முட்டை என்று பன்னிரண்டு வருஷம் எழுதினாள். அந்த நோட்டுகள்தான் பிறகு அவர் பெயரில் தடித்த புத்தகமாயின. முன்னுரையில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார், தேநீர் போட்டுக் கொடுத்ததற்காக. குழந்தை வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் மழையளவுப் பட்டியலையும் பூச்சிக் கணக்கையும் விரித்துவைத்துக்கொண்டு, “இந்த வருஷம் இரை கம்மி. இப்ப இனப்பெருக்கம் பண்றது புத்திசாலித்தனம் இல்ல” என்பார். பத்தொன்பது வருஷம் இதே பதில். அந்த வீட்டில் இரை ஒருநாளும் குறைந்ததில்லை. அவர் தொந்தியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அவருக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தது ஒரு தவிட்டுநிறக் குருவி. நாலு முட்டையோடு நிறுத்திக்கொள்ளும் இனம் அது. வயிற்றில் நாலு முட்டை பட்டால் உடம்பு தானாகவே முட்டை போடுவதை நிறுத்திவிட்டு அடைகாக்கத் தொடங்கும். இயக்குநர் தினமும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டே வந்தார். குருவியும் குறையை நிரப்பி நிரப்பி ஐம்பத்தெட்டு முட்டை போட்டது. ஒன்றையாவது விட்டு வையுங்கள் என்று மனைவி கெஞ்சியதை ஆய்வுக்கு இடையூறு என்று எழுதிவைத்தார். ஐம்பத்தொன்பதாம் நாள் காலை குருவி கூட்டில் சாய்ந்து கிடந்தது. ஓடு செய்யச் சுண்ணாம்பு போதாமல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்து முடித்திருந்தது. ‘ஆய்வு இனிதே நிறைவுற்றது’ என்பது அவருடைய கடைசி வரி.

இப்போது அவருடைய முட்டைகளும் நாளுக்கு ஒன்றாகப் பெட்டிக்குப் போயின. இருபதாவது முட்டையோடு கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. முப்பத்தைந்தில், கோப்பு ஒன்றைத் தூக்கும்போது மணிக்கட்டு விரிசல் விட்டது. ஐம்பதில் அவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பெல்லாம் அப்பளமாக இருக்கிறது, இன்னும் பத்து முட்டைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். மனைவி பயந்துபோனாள். அவர்மேல் மிச்சமிருந்தது பாசமா வெறும் பழக்கமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சாய்ந்து கிடந்த குருவியைக் கையில் எடுத்தவள் அவள்.

“முட்டைய எடுக்காம விடச் சொல்லுங்க. நாலு சேர்ந்தா தானா நின்னுடும். நீங்க எழுதினதுதானே?” என்றாள்.

“இப்ப நிறுத்தச் சொல்றியா? அந்தக் குருவியே அம்பத்தெட்டு போட்டுச்சு. அம்பத்தொம்பது போட்டாச் சாதனை, தெரியுமா?” என்றார் அவர். சாதனை என்ற சொல்லை உச்சரித்தபோது முன்பல் ஒன்று ஆடியது.

துணை இயக்குநரிடம் போனாள். அவர் இயக்குநரின் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டிருந்தார். “நூறு வரட்டும் மேடம். வெளியூர்லேர்ந்து நிபுணர்கள்லாம் வர்றாங்க. இப்ப போய் நிறுத்துன்னா நல்லாவா இருக்கும்?” என்று கரிசனத்தோடு கேட்டார்.

அவள் நேராகக் கிடங்குக்குப் போனாள். கூடுகளில் வைத்துப் பறவைகளை ஏமாற்றுவதற்கென்று அங்கே மரமுட்டைகள் உண்டு. என்ன நோக்கத்துக்கு என்று கிடங்குக்காரர் கேட்க, “ஏமாத்தத்தான்” என்றாள். அவர் ‘வழக்கமான அலுவல்’ என்று எழுதி நாலு மரமுட்டைகளைக் கொடுத்தார். அவள் அவற்றுக்கு வெளிர்நீலம் பூசி, புள்ளி வைத்து, ஐம்பத்தொன்பதாம் நாள் காலை நாற்காலி மெத்தைமேல் ஒரு சால்வைக்குள் வைத்தாள். இயக்குநர் அதன்மேல் உட்கார்ந்தார். முட்டை பற்றித் தடித்த புத்தகம் எழுதியவருக்கு அடியில் இருப்பது மரம் என்று தெரியவில்லை. கால்மணி நேரத்தில் கண் சொக்கியது. சில வாரமாக மயிர் உதிர்ந்து வழுவழுப்பாகியிருந்த அவர் வயிறு சிவந்து, இஸ்திரிப் பெட்டிபோலச் சுடத் தொடங்கியது. சட்டைப் பொத்தான்களைத் தானே கழற்றிக்கொண்டு முட்டைகளின்மேல் குனிந்தார்.

பதினொன்றேகாலுக்கு ஐம்பத்தொன்பதாவது முட்டை வந்தது. துணை இயக்குநர் பஞ்சுப் பெட்டியோடும் புகைப்படக்காரரோடும் வந்து, “சார், சாதனை சார்!” என்று அடியில் கைவிட்டார். இயக்குநர் அந்தக் கையைக் கடித்தார். புறங்கையில் பதினொரு பற்களின் தடம் விழுந்தது. வாயில் மிச்சமிருந்ததே அவ்வளவுதான். “வெளிய போடா” என்றார். அந்த அலுவலகத்தில் அவர் பேசியவற்றிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக் கடைத்தெரு வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலத்துக்குள் துணை இயக்குநர் கட்டுப்போட்ட கையோடு இயக்குநராகிவிட்டார். மனைவி குழல்விளக்குகளை அணைத்து, கூண்டுகளைத் திறந்துவிட்டாள். பழைய இயக்குநர் இருபத்தாறு நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். முட்டைகளை நாளுக்கு நாலு தடவை திருப்பிவைத்தார், சாதனையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் கஞ்சியும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஊட்டிவிட்டாள். இருபத்தேழாம் நாள் உண்மையான முட்டை பொரிந்தது. பெண் குழந்தை. உடம்பெல்லாம் ஈரமாக, உள்ளங்கையில் அடங்கிக்கொண்டு, முகமே வாயாகத் திறந்து கத்தியது. மனைவி அதை மார்போடு அணைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷக் கோபத்தையும் சேர்த்து அழுதாள். அவர் எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மற்ற நாலு முட்டைகளுக்காக இன்னும் பதினோரு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘நான்கு முட்டைகள் பொரியவில்லை, காரணம் அறியக்கூடவில்லை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அதையும் ஓர் ஆய்விதழ் வெளியிட்டது.

மூன்று மாதத்தில் குழந்தை மற்றக் குழந்தைகளின் அளவுக்கு வந்துவிட்டாள். ஓயாமல் பசித்தது அவளுக்கு. அவள் வாயைத் திறந்தால் போதும், இயக்குநர் செருப்பைக்கூட மாட்டாமல் பையோடு கடைக்கு ஓடினார். இரை கம்மி என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. ஐந்தாம் வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். விண்ணப்பத்தில் தாய் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். தந்தை என்ற கட்டத்தில் அவள் போட்டாள். எழுத்தர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபோட்டோவில் குழந்தையின் இடது காது தெரியவில்லை, வேறு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.