முகப்பில் ஒரு நன்றி

குடிநீர் அலுவலகத்தின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் புதுப்பிப்பார்கள், அல்லது போகச் சொல்வார்கள். புகார்களை நாங்கள் அழிப்பதில்லை. அழித்தால் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். மறைப்போம். மறைத்த கருத்து எழுதியவர் கண்ணுக்கும் அவருடைய நண்பர்கள் கண்ணுக்கும் அப்படியே இருக்கும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா எழுதியிருந்தாள். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, மகளுக்கு மஞ்சள் காமாலை, தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும். கூடவே பழுப்புத் தண்ணீர்க் குடத்தின் படம். அவளுக்கு முகநூலில் இரண்டே நண்பர்கள். மாமாவும் நானும்.

மேலாளர் என் பின்னால் நின்று படித்தார். எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது.

"என்னப்பா முறைச்சுக்கிட்டு இருக்க? வெள்ளிக்கிழமை விருதுக் குழு நம்ம பக்கத்தைப் பாக்குது. மறை."

"பொறியாளருக்கு அனுப்பட்டுமா சார்?"

"தாராளமா அனுப்பு. கிணத்துல போட்ட கல்லுதான்."

மறைத்தேன். அனுப்பவும் செய்தேன். பதில் இல்லை.

வியாழக்கிழமை அக்கா மறுபடி எழுதினாள்: "உங்களைத் திட்டி எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி. சீக்கிரம் வந்து சரிசெய்யுங்கள்."

மேலாளர் துள்ளினார். "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்குப்பா! கடைசி வரிய வெட்டிட்டு முகப்புல போடு."

வெட்டினேன். போட்டேன். விருது வந்தது.

திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"டேய், முந்நூறு லைக்குடா எனக்கு! தேர்தல்ல நில்லுடிங்கறார் உங்க மாமா. கடைசி வரிய மட்டும் காணோம், இடம் பத்தல போல."

"பாத்தேன்க்கா."

"எல்லாரும் வாழ்க வாழ்கன்னுதான் எழுதறான். எதுக்குத் திட்டினேன்னு ஒருத்தனும் கேக்கல. கொஞ்சம் கீழ தள்ளினா குடம் படம் இருக்கு. இந்த ஊருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ அங்கதான இருக்க, யாராவது படிச்சாங்களாடா?"

"படிச்சாங்கக்கா."

"அப்போ வருவாங்க."

"பாப்பா எப்படி இருக்கா?"

"நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். கண்ணு முட்டை மஞ்சக் கரு மாதிரி கிடக்கு. தண்ணிய நல்லாக் காய்ச்சிக் குடுங்கங்கறார் டாக்டர். சாக்கடையக் காய்ச்சினா என்னடா ஆகும்?"

"தெரியலக்கா."

புதுப்பித்த ஒப்பந்தம் மேசைமேல் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மேலாளர் பென்சிலால் குறி வைத்திருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு போட்டேன்.