மஞ்சள் பூவை வெட்டச் சொன்னாள்

அடுப்பில் டர்னிப் வேகமாட்டேன் என்று அடம்பிடித்தது. தேங்காய்ப் பால் வற்றி அடிபிடிக்கப் பார்த்தும், கரண்டியால் அழுத்தினால் நார்தான் தட்டுப்பட்டது. சட்டியோடு தூக்கி ஓடையில் எறிந்துவிடலாம் போல வந்தது பூரணிக்கு. அவள் வீட்டு டர்னிப் என்றால் றொசல்ல தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு பேர் உண்டு. கழுத்தில் ஊதா நிறம். ஒரு கொதி வந்ததும் வெண்ணெயாகக் குழையும். எந்தக் காலத்திலோ துரை பங்களாத் தோட்டத்திலிருந்து மாமியார் கைக்கு வந்த விதை. எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த விதை கெட்டுப்போனது போன வருஷம். விதைக்கு விட்ட டர்னிப் பூத்த நேரம் பார்த்து, புருஷன் வீரய்யாவோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதாயிற்று. பாத்தி ஓரத்துக் கடுகும் கூடவே பூத்துவிட்டது. ஒரு வீட்டில் விதைக்கு டர்னிப் பூத்தால், கிட்டத்தில் உள்ளவர்கள் தங்கள் கடுகுப் பூவையும் டர்னிப் பூவையும் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தேனீ மகரந்தத்தைக் கலந்து விதையைக் கெடுத்துவிடும். லயத்தில் யாரும் மீறாத முறை அது. வெட்ட ஆளில்லாமல் போனதன் பலன்தான் இந்த நார்.

ஆனாலும் அவள் நம்பிக்கையை விடவில்லை. விதை கெடுவதற்கு முன்பே நாகலெட்சுமிக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்திருந்தாள். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரி, கூடப் பிறக்காத தங்கச்சி. போய்க் கேட்டபோது, "எல்லாத்தையும் எலி தின்னுருச்சுக்கா" என்று அழுதுவிட்டாள் நாகு. பூரணிதான் அவளைத் தேற்றிவிட்டு வந்தாள்.

இப்போது அதே நாகு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றாள்.

"உள்ள வாடி. தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாங்கா. ஒங்க பாத்தியில டர்னிப் பூத்துக் கெடக்கே, அத வெட்டிருங்களேன்."

பூரணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

அப்போதுதான் நாகுவுக்குத் தன் வாய் செய்த வேலை விளங்கியது. முகம் செத்துப்போயிற்று.

"எங்கடி அந்த வெதயப் போட்டிருக்க?"

"ஓடைக்கு அந்தப் பக்கம், லீக்ஸ் பாத்திக்கு நடுவுல. நுவரெலியா ஹோட்டல்காரங்க எடுக்கிறாங்கக்கா. வேற யாருகிட்டயும் இந்த வெத இருக்கக்கூடாதுன்னாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"எங்கிட்டகூடவா?"



ஹோட்டலுக்குக் கொடுத்தது பூரணியைச் சுடவில்லை. பிழைக்கிற வழியை யார்தான் விடுவார்கள்? அந்தக் கண்ணீர்தான் சுட்டது. எலியைச் சொல்லி அழுதவளின் முதுகை இவள்தானே தடவிக் கொடுத்தாள்.

"வெட்டிருவீங்கள்லக்கா?"

"போடி" என்றாள் பூரணி.

நாகு போன பிறகு பூரணி கத்தியை எடுத்துக்கொண்டு பாத்திக்கு இறங்கினாள். பிடுங்க மனமில்லாமல் விட்ட நார் டர்னிப் செடியெல்லாம் இடுப்பளவுக்குப் பூத்து நின்றது. வெட்டினால் நல்ல விதை நாகுவிடம் மட்டும் இருக்கும். வெட்டாவிட்டால் அதுவும் கெட்டு, மாமியார் கொடுத்த டர்னிப் பூண்டோடு அழியும். ஒரு தண்டைப் பிடித்து வளைத்தாள். பூவிலிருந்த தேனீ எழுந்து, அவள் கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காலில் ஒட்டிய மஞ்சள் மகரந்தத்தோடு ஓடைக்கு அந்தப் பக்கம் பறந்தது.