படிவத்தின் இரண்டாம் பகுதி

என் அப்பாவின் கையெழுத்தை வேறு யாரும் போட முடியாது. அவர் அதைப் போடுவதில்லை, பதிக்கிறார். தரையில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு. பெயரின் ஐந்து எழுத்தையும் அதே மாதிரிதான் ஒவ்வொன்றாக வைப்பார். வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து இடைவெளி பார்ப்பார். முழுசாக ஒரு நிமிடம் ஆகும். மூன்றாவது எழுத்து மட்டும் எப்போதும் கொஞ்சம் இறங்கி நிற்கும். அந்த இறக்கத்தைப் பழகப் பழைய நோட்டு ஒன்றையே தீர்த்திருக்கிறேன். வரவே இல்லை.

அதனால்தான் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதாயிற்று.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதல்முறையாகப் பிரைடு விழாவுக்கு, அதாவது தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களின் விழாவுக்கு, அனுமதி தந்திருந்தார்கள். விடுதிப் பெண்கள் ஊர்வலத்தில் நடக்க வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். வீட்டில் சொல்ல முடியாதவர்கள்தான் இந்த ஊர்வலத்துக்கே வருகிறார்கள் என்பது நிர்வாகத்தில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. விடுதியே வட்டமாக உட்கார்ந்து அவரவர் அப்பா கையெழுத்தை அவரவரே போட்டுக்கொண்டது.

"எங்கப்பா கையெழுத்த நான் எட்டாங்கிளாஸ்லேர்ந்து போடுறேன்டி. அவரவிட எனக்குத்தான் நல்லா வரும்" என்றாள் குச்சி.

குச்சி என் அறைத்தோழி. அவளைத்தான் நான் விரும்புகிறேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

படிவத்தில் இரண்டு பகுதி. முதலாவது அனுமதி. இரண்டாவது, விருப்பப்பட்டால் நிரப்பலாம்: 'என் மகளைப் பற்றி நான் அறிந்தது.' அதன்கீழ் மூன்று கோடு. அப்பாவுக்கு எழுதப் படிக்க வராது என்பதால் அவருக்காக நானே எழுதினேன். 'என் மகள் ஒரு பெண்ணை விரும்புகிறாள். எனக்குத் தெரியும். நான் அவளோடு நிற்கிறேன்.' ஏமாற்றுவதற்காக எழுதவில்லை. வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் படித்துக் காட்டுவது நான்தான். ஆறு வயதிலிருந்து எனக்கு அதுதான் வேலை. மின்சார வாரியத்தின் நோட்டீஸ், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம். என் விஷயத்தை வாயால் சொல்ல வராது. காகிதத்தில் இருந்தால் படித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கையெழுத்துக்கு முன்னால் எப்போதும் கழுவுவார்.

"என்னம்மா போட்டிருக்கு?"

முதல் பகுதியைப் படித்தேன். விழா, ஊர்வலம், பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவார்கள். இரண்டாம் பகுதிக்கு வந்தேன்.

"கீழ உள்ளது சும்மா பேரு, விலாசம்ப்பா" என்றது என் வாய்.

அப்பா ஐந்து எழுத்தையும் பதித்தார். நான் மடித்துப் பையில் வைத்தேன். திரும்பும் பஸ்ஸில் அழுகை வரும் என்று ஜன்னலோரமாக இடம் பிடித்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

இரண்டாம் பகுதியை நிரப்பிக் கொடுத்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். மாணவர் நலத்துறை மேடத்துக்கு ஒரே சந்தோஷம். ஏழு படிவத்தையும் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, 'எங்கள் பெற்றோர்' என்று அரங்க வாசலில் மாட்டிவிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாததற்குப் படிவத்தில் இருந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார். ஏழில் ஆறு எண் பொய். குச்சியின் அப்பாவாகப் பேசியவர் கேன்டீன் மாஸ்டர். "பொண்ணு விஷயம்னா பரவால்ல மேடம், ஆனா அடுப்புல ஆள் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

ஏழாவது எண் நிஜம்.

விழா அன்று மதியம் அரங்கத்துக்குள் நுழைந்தபோது அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை. நகக்கண்ணில் சிமெண்ட். கால் கட்டைவிரலால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில கலவையே வைக்கல. எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்" என்றார் என்னிடம். பிறகு, "ஒனக்கு என்னவோ பெருமை செய்யுறாங்களாமே. போன்ல அந்தம்மா அழுதுட்டாங்க. பரிசு கிரிசு வாங்குனியா? சொல்லவே இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் மேடம் அவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார். சட்டையில் வானவில் பேட்ஜ் குத்தினார்கள். கையில் மைக்கைத் திணித்தார்கள். குச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றார் அப்பா. "எம்பொண்ணு படிச்சுக் காட்டுனா. கையெழுத்துப் போட்டேன். அவ படிச்சா சரியாத்தாங்க இருக்கும்."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பக்கத்தில் ஒருத்தி தேம்பினாள். "ஒங்கப்பா எவ்ளோ நல்லவருடி! குடுத்து வச்சவ நீ" என்று பின்னாலிருந்து ஒருத்தி என் தோளை உலுக்கினாள். அவளுடைய பெற்றோர் இரண்டு பேரும் பேராசிரியர்கள். அவளை அறைய வேண்டும் போலிருந்திருக்க வேண்டும். என் கையோ தொடைமேல் பேசாமல் கிடந்தது.

எங்கள் படிவம் இருந்த சட்டத்தை அப்பாவிடமே கொடுத்து அனுப்பினார்கள். ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது. மேளத்தைத் தாண்டி அவரை வாசல்வரை கூட்டி வந்தேன்.

"முன்ரூம்ல மாட்டிரலாம். ஆணி அடிக்க இடம் இருக்கு" என்றார்.

முன்ரூமுக்கு யாரெல்லாம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தை வருவாள். சித்தப்பா வருவார். மாடி வீட்டுப் பெண் வருவாள். எல்லாருக்கும் படிக்கத் தெரியும். என் வீட்டு இரண்டு பேரைத் தவிர.

"அப்பா, அதைக் கொஞ்சம் குடுங்க. படிக்கிறேன்."

விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்துப் படித்தேன். முதல் பகுதி. இரண்டாம் பகுதி. மூன்று வரிதான்.

அப்பா ஊர்வலத்தைப் பார்த்தார். இரண்டு பையன்கள் கைகோத்துப் போனார்கள். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இதுதான் இருந்துச்சா?"

"ஆமா."

"பேரு, விலாசம்னியே."

"ஆமாப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிக் கத்த எனக்கு எவ்வளவோ இருந்தது. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"வேற எதெல்லாம் மாத்திப் படிச்ச?"

"எதுவும் இல்ல. இது ஒண்ணுதான்."

அது நிஜம். அதை அவர் சரிபார்க்க வழி இல்லை என்பதும் நிஜம்.

அப்பா சட்டத்தை வாங்கிக்கொண்டு நேரே வாசல் காவலாளியிடம் போனார். "அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." காவலாளி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். 'ஒரு பெண்ணை' என்ற இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். மீதியைக் குரலைத் தாழ்த்திப் படித்து முடித்தார்.

"அவ இப்பப் படிச்சதும் நீங்க படிச்சதும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "கீழ இருக்குறது என் கையெழுத்துதான்."

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பேட்ஜைக் கழற்றவில்லை. அது சட்டையில் இருப்பதே மறந்துவிட்டதோ என்னவோ. 'போயிட்டு வரேம்மா' என்று எப்போதும் சொல்வார். அன்று சொல்லவில்லை. நான் உள்ளே போய் ஊர்வலத்தின் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டேன். குச்சி பக்கத்தில் வந்தாள். நடந்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா போன் செய்தாள்.

"உங்கப்பா அத முன்ரூம்ல மாட்டிட்டாரு. உங்கத்த வந்தா, படிச்சா, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டா. போறவ போகட்டும்ங்குறாரு."

"உனக்கு?"

"எனக்கு என்ன? மாடி வீட்டுப் பொண்ணு எனக்கும் படிச்சுக் காட்டுனா. நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி."

ஆஸ்பத்திரியில் அந்த வாரம் அம்மாவுக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். வழக்கமாக வீட்டிலிருந்து சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், நான் போனிலேயே படிப்பேன், அப்பா ஸ்பீக்கரில் கேட்பார். இந்த முறை எதுவும் வரவில்லை.

"ரத்தச் சீட்டு வந்துருச்சாம்மா?"

"வந்துச்சு. உங்கப்பா மாடிக்கு எடுத்துட்டுப் போயி அந்தப் பொண்ணுகிட்டயே படிக்கச் சொல்லிட்டாரு."

"என்ன போட்டிருந்துச்சு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றாள் அம்மா.

சரி என்றேன். சரிபார்க்க எனக்கு வழி இல்லை.