மேல் லயத்துக்கு ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு நன்றியிலிருந்து வந்தது. மண்சரிவு எச்சரிக்கைக் கருவி செய்யும் சின்ன அலுவலகம் ஒன்றைப் பற்றிச் செய்தி எழுத இலங்கை மலையகத்தில் இருக்கும் கந்தப்பளைக்குப் போயிருந்தேன். செய்தி அச்சாகிவிட்டது. நன்றி மிச்சமிருக்கிறது.

முதல் தொடக்கம்: ‘மேகம் தேயிலை மலையை...’ (வேண்டாம். எல்லாரும் மேகத்தில்தான் தொடங்குகிறார்கள்.)

2

ஒவ்வொரு தோட்டத்துக் கருவிக்கும் மென்பொருளை உருவாக்க நீளமான கட்டளைக் கோப்பு வேண்டும். அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் சுலக்ஷனா அதைக் கையால் எழுதுவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எந்த லயம், எந்த ஒலிபெருக்கி, எந்த மொழி என்று சில வரிகளில் விவரிப்பாள். அதைப் படித்து ஒரு நிரல் முழுக் கோப்பையும் எழுதிவிடும்.

மேல் லயத்துக்கு மொழி வரி விடுபட்டிருந்தது. சொல்லாவிட்டால் நிரல் சிங்களத்தை எடுத்துக்கொள்ளும். கூட வேலை செய்யும் அஃப்னா அவசரத்தில் நிரல் எழுதிய கோப்பிலேயே தமிழைச் சேர்த்தாள். நன்றாக ஓடியது. அடுத்த முறை நிரல் கோப்பைப் புதிதாக எழுதியபோது தமிழ் காணாமல் போனது.

3

எச்சரிக்கை ஒத்திகை நாள். மேல் லயத்து வேலாயி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏம்மா சுலக்ஷனா, ஒங்க பொட்டி சிங்களத்துல கத்துது. ஏதோ ஏலம் போடுறாங்கன்னு யாரும் வெளிய வரல.”

“நல்லவேள சொன்னீங்கக்கா. அங்க மழையா?”

“தூறுது. சாயங்காலம் பேயும்.”

அஃப்னா தலையில் கை வைத்தாள். “நான்தான்டி கோப்புல கை வச்சேன். சரியாத்தானே ஓடுச்சு?”

“ஓடும். திரும்ப எழுதுறப்ப அது ஒன்னைய கேக்காது. விவரிப்புல சொல்லணும்.”

ஒரு வரி சேர்த்தார்கள். மழை வலுக்கும் முன் பெட்டி தமிழில் பேசியது. லயமே வாசலுக்கு வந்தது. வேலாயி மறுபடி கூப்பிட்டார்: “இப்ப வெளங்குது. ஆனா மேடையில பேசுற மாதிரி இருக்கு. ‘வெளிய ஓடியாங்க’ன்னு போடச் சொல்லு.”

போட்டார்கள்.

4

என் முதல் பிரதியில் அன்று மாலையே மலை சரிந்தது. சுலக்ஷனா படித்துவிட்டு, “சரிஞ்சாதான் கதையா சார்?” என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ‘மேட்டிலிருந்து முதல் கல்—’

மறுபடியும் சரிகிறது. நானும் அஃப்னாவின் வேலையைத்தான் செய்திருக்கிறேன். தாளின் உச்சியில் நான் குறித்து வைத்த விவரிப்பு அப்படியே இருந்தது: ‘மலையகம். மழை. ஒரு சாவு.’

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘மேல் லயம். மழை. வேலாயிக்கு நன்றி.’

5

முடிவை உங்களிடம் விடுகிறேன். எழுதும் முன், மலையகம் என்றதும் உங்கள் மனதில் தானாக வந்து நிற்கும் வரிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேலாயி கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். சாயங்காலம் அவர் திரும்பிவர லயம் இருக்க வேண்டும்.