கடைசிப் பத்தி

என் அண்ணன் இருமல் மருந்து குடித்தால் அன்றைக்கு வண்டியைத் தொடமாட்டான். தலை சுற்றும் என்பான். "ஆமா, நீ விமானம் ஓட்டுற" என்று நான் கிண்டல் செய்வேன். அவனைத்தான் குடிகாரன் என்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரிதான். ஆனால் ஊர் தானாக வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைதான் திறந்து வைத்தது.

அவன் ஓட்டியது ஒரு கம்பெனிப் பேருந்து. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மதிலில் மோதியது. அவனும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். ஒருத்தி எங்கள் அடுத்த தெருப் பெண்.

நிருபர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிரேக் சரியில்லை என்று அண்ணன் பணிமனையில் பலமுறை சொல்லியிருந்ததை விசாரித்து உறுதி செய்துகொண்டார். ரத்தத்தில் மது இல்லை என்ற பரிசோதனை முடிவையும் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்து வந்தார்.

மறுநாள் பேப்பரில், "ஓட்டுநர் குடித்திருந்தாரா? பயணிகள் சந்தேகம்" என்று தலைப்பு. சந்தேகத்தோடு செய்தி முடிந்துவிட்டது. அதன் கீழே பக்கத்தில் பாதிக்கு மெத்தைக் கடை விளம்பரம். ஒரு பெண் சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

அன்று சாயங்காலம் அடுத்த தெரு அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "குடிச்சிட்டு எம்பொண்ணைக் கொன்னுட்டானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அண்ணி வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். ராத்திரியும் பகலும் அவளுக்கு ஒரே நினைப்புதான். அந்த அம்மாவுக்கு உண்மை தெரியவேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். நிருபர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தான் எழுதி அனுப்பியதைக் கணினியில் காட்டினார். எல்லாம் இருந்தது, கடைசிப் பத்தியில்.

"சந்தேகத்தை முன்னாடி வச்சு, பதிலைக் கடைசியில வச்சேங்க. படிக்கிறவங்க முடிவு வரைக்கும் வரணும்னு."

பக்கம் போடும் உதவி ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விளம்பரம் கடைசி நேரத்துல வந்துச்சும்மா. இடம் பத்தலைன்னா கீழ இருந்துதான் வெட்டுவோம். மிச்சம் இருக்கிறதுக்குத்தான் தலைப்பு. எல்லா ஊர்லயும் இதான் வழக்கம்."

"அப்ப மறுப்பு போடுங்க."

"தப்பா என்ன போட்டோம்? சந்தேகம்னுதானே போட்டோம். சந்தேகப்பட்டாங்க, அது உண்மைதானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்துவிட்டு, சோறு உண்மைதானே என்று கேட்பவரை அன்றுதான் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே விளம்பரப் பிரிவில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். கதையைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, அஞ்சலி விளம்பரமாக் கொடுத்துடுங்க. செய்தியை வெட்டுவாங்க. விளம்பரத்துல ஒரு எழுத்தைத் தொடமாட்டாங்க."

அண்ணனுக்கு வரவேண்டியிருந்த கடைசிச் சம்பளத்தை அண்ணி அப்படியே எடுத்துக் கொடுத்தாள். நிருபர் எழுதிய பத்தியையே கேட்டு வாங்கி, அண்ணன் படத்துக்குக் கீழே போடச் சொன்னோம். மூன்றாம் பக்கத்தில் வந்தது. ஒரு கமா குறையவில்லை. சீருடையில் அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். வீட்டைவிட்டு அவள் வெளியே வந்தது அன்றுதான். நானும் கூடவே போனேன். அந்த அம்மா கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. அண்ணி பேப்பரை நீட்டினாள்.

அந்த அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். ஆஸ்பத்திரி முடிவைப் படித்தார். பிரேக் விஷயத்தை இரண்டு முறை படித்தார். அவர் முகம் இளகுவதை நான் பார்த்தேன். அண்ணியின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

பிறகு அவருடைய விரல் இன்னும் கீழே இறங்கி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் நின்றது. நாங்கள் கொடுத்த வாசகம் அல்ல அது. நாங்கள் கவனிக்கவும் இல்லை. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"விளம்பரத்தில் கூறப்படும் தகவல்களின் உண்மைத்தன்மைக்கு இப்பத்திரிகை பொறுப்பல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். "பேப்பர்காரங்களே பொறுப்பில்லைங்கிறாங்க. நான் எதைம்மா நம்புறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அண்ணி பேப்பரை வாங்கி மடித்தாள். இந்தத் தடவை கடைசி வரியை யாரும் வெட்டவில்லை.